வளையணும், உடையக் கூடாது

சென்னைப் பள்ளிகளுக்குள் ஃபென்சிங் நுழைந்த 2004-ஐ ஒட்டிய வருடங்களில், எங்கள் பள்ளியில் அந்த விளையாட்டுக்கு வேண்டிய எல்லாம் தயாராக இருந்தது, வாளைத் தவிர. விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் இருந்தது. மைதானத்தின் ஓரத்தில் பிஸ்ட் என்கிற ஆடுகளமாக 14 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு இருந்தது. கபடியிலும் கோ-கோவிலும் இடம் கிடைக்காமல் மிஞ்சிய நாங்கள் இருந்தோம். வாள் எங்கே என்று கேட்டதற்குப் பி.டி. சார், “வாள்தானே, வந்துடும்” என்றார்.

வந்தது மூங்கில்.

சாரம் கட்டுவதற்கு மூங்கில் விற்கிற கடைக்கு எங்களில் இரண்டு பேரைச் சைக்கிளில் அழைத்துப் போனார் சார். “எத்தனை மாடிக்கு சார்?” என்று கடைக்காரர் கேட்டார். “மாடிக்கு இல்லப்பா, பசங்க குத்திக்கிறதுக்கு” என்றார் சார். அதற்கப்புறம் கடைக்காரர் விலையில் பிடிவாதம் பிடிக்கவில்லை.

சிலம்பத்துக்கு எடுக்கிற கல்மூங்கிலைச் சார் தொடவே இல்லை. அது கனம், வளையாது. சுண்டுவிரல் பருமனில் இருந்த கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையை அழுத்தி வளைத்துப் பார்த்தார். “கம்பு பூரா ஒரே சீரா வளையணும். ஒரே இடத்துல மடங்குச்சுன்னா, நாளைக்கு அங்கதான் உடையும்” என்றார். கட்டையில் மாட்டிப் பார்க்க மில்லிமீட்டர் அளவுகோல் எதுவும் அவரிடம் இல்லை. கண் இருந்தது.

கைக்குக் காப்பாக ஒரு கார்டு வேண்டுமே? தேங்காய்க் கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டுக் கம்பில் செருகி, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கினோம். ஃபாயில் வாளின் கார்டு 12 செ.மீ. விட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. நாட்டுத் தேங்காய்கள் அந்த விதியை எங்களுக்குச் சொல்லாமலேயே அனுசரித்து வந்திருக்கின்றன. நுனியில் துணி சுற்றினோம். ஃபாயில் ஆயத்தம்.

இதை இன்று சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். நல்லவேளையாக, சாட்சிக்குப் பவானி தேவி இருக்கிறார். அதே காலத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பிய அவரும் மூங்கில் கம்பில்தான் பயிற்சி எடுத்தார். மின்சார வாளைப் போட்டிக்கு மட்டுமே எடுத்ததாகவும், உடைந்தால் வாங்க வசதியில்லை, இந்தியாவில் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கை பிறகு சேபர் வாளைப் பிடித்து, 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் ஃபென்சராகக் களமிறங்கி, முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தது. எங்களுக்கும் அவருக்கும் மூங்கில் பொது. மற்றது எதுவும் பொதுவில்லை.

இப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஃபாயில் ஆடுகிறாள். அவள் உள்ளே ஆடும்போது, பயிற்சிக்கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள் உட்கார்ந்து பிளேடு பற்றிப் பேசுகிறோம். அங்கே முதல் வாரம் உட்காருகிறவருக்கு உலோகவியல் பட்டமளிப்பு விழாவுக்குத் தவறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும்.

“கார்பனா, மாரேஜிங்கா?”

“சாஃப்ட்டா, மீடியமா?”

“ரெண்டாம் நம்பரா, அஞ்சாம் நம்பரா?”

“டாங் எப்படி? பிஸ்டல் கிரிப்புக்கு அறுத்ததா, ஃபிரெஞ்சு கிரிப்புக்கு நீளமா விட்டதா?”

“எஃப்.ஐ.ஈ. முத்திரை இருக்கா மேடம்? இல்லாட்டி வெளிநாட்டுப் போட்டியில நிக்க விட மாட்டாங்க.” சர்வதேசச் சம்மேளனத்தின் முத்திரையைக் கேட்ட இவருடைய பையன் இன்னும் மாவட்டப் போட்டியைத் தாண்டவில்லை.

எங்கள் காலத்தில் தேர்வு என்ற சொல்லுக்கே வேலை இல்லை. பள்ளிக்கு எங்கிருந்தோ மானியத்தில் ஒரே ஒரு மின்சார ஃபாயில் வந்து சேர்ந்தது. அது தலைமையாசிரியர் அறை பீரோவில், காலாண்டுக் கேள்வித்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. கோயிலில் மூலவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உற்சவர் வெளியே வரத் திருவிழா வரை காத்திருப்பதுபோல, நாங்கள் வருடம் முழுக்க மூங்கிலோடு மல்லாடிவிட்டு, அந்த ஃபாயில் புறப்பாடு கண்டருள மாவட்டப் போட்டி வரைக்கும் காத்திருப்போம். அது சாஃப்ட்டா மீடியமா என்று யாரும் கேட்டதில்லை. யார் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. யாருமே கூடாது.

புறப்படும்போது சார் ஒரே ஒரு யுக்தி சொல்லிக் கொடுப்பார்: “உடைச்சிடாதீங்கடா.”

ஃபாயிலில் புள்ளி எடுக்க வேண்டுமென்றால், கையை நீட்டி, காலைப் பாய்ச்சி, நுனி எதிராளியின் உடம்பில் பதிந்து, பிளேடு மேல்நோக்கி வளைகிற வரைக்கும் போக வேண்டும். நுனியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதை 500 கிராம் எடைக்கு மேல் அழுத்தினால்தான் விளக்கு எரியும். நாங்களோ பிளேடு வளைய ஆரம்பிக்கும்போதே பள்ளிச் சொத்து ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொள்வோம். எங்கள் மரியாதை எப்போதும் 500 கிராமுக்குக் கீழேயே நின்றது. எதிராளிக்குப் பட்டது தெரியும், எங்களுக்கும் தெரியும். மெஷினுக்கு மட்டும் தெரியாது. தோற்றோம். பிளேடு பத்திரமாகப் பீரோவுக்குத் திரும்பியது. தலைமையாசிரியர் மகிழ்ந்தார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆட்டத்துக்கு வருகிறவர் வேலை செய்கிற இரண்டு வாள்களோடு வர வேண்டும் என்பது விதி. ஒன்று பழுதானால் மற்றது இருக்க வேண்டும், இல்லையென்றால் மஞ்சள் அட்டை. எங்களிடம் இருந்ததோ ஒன்று. இரண்டாவதாகக் கொட்டாங்கச்சியைக் காட்ட முடியாது. ஆகவே எதிர் அணிப் பையனிடமே ஒரு ஃபாயிலைக் கடன் வாங்கி, அதை வைத்து அவனையே குத்துவோம். நம் பொருள் அல்ல என்பதால் அப்போது மட்டும் கொஞ்சம் நன்றாகக் குத்துவோம்.

வளைவு என்ற விஷயத்தில் உலகம் அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. எண்பதுகளிலிருந்து ஃபாயில் உலகத்தில் ஃபிளிக் என்ற வித்தை கோலோச்சியது. வாளைத் தூண்டில் வீசுகிற வாக்கில் சொடுக்கினால், பிளேடு சுழன்று வளைந்து, எதிராளியின் தோளைத் தாண்டி அவர் முதுகில் போய் நுனி தொடும். எதிரில் நிற்கிறவரின் முதுகைக் குத்துவது என்பது நேர்மையான ஊரில் நடக்கிற காரியமா என்று கேட்கக் கூடாது. விளக்கு எரிந்தது, புள்ளி கொடுத்தார்கள். இதற்கு நுனிப்பக்கம் நன்றாக வளைகிற பிளேடு வேண்டும். சாஃப்ட் பிளேடுகளுக்கு ஏக கிராக்கி.

எங்கள் பீரோ ஃபாயில் வந்தபோது கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. பையன்கள் கை மாறிக் கை மாறி, வளைந்து நிமிர்ந்து, ஒரு வழியாக அது ஃபிளிக்குக்கு லாயக்கான அளவுக்குத் துவண்டுவிட்ட நேரம், 2005-ல் சர்வதேசச் சம்மேளனம் மெஷினை மாற்றிவிட்டது. அதற்கு முன் நுனி சில மில்லிவினாடி பட்டாலே விளக்கு எரியும். புதிய விதிப்படி 13 முதல் 15 மில்லிவினாடி பட்டு நிற்க வேண்டும். சொடுக்கித் தொட்டுவிட்டு ஓடுகிற ஃபிளிக்குகளில் பெரும்பாலானவை விளக்கு எரியாமல் போயின. நேராகப் போய் அழுந்தக் குத்துவது மறுபடியும் மரியாதை பெற்றது. உலகம் வளைந்தபோது நாங்கள் விறைப்பாக இருந்தோம், நாங்கள் வளைந்தபோது உலகம் விறைத்துக்கொண்டது.

அந்த ஃபாயில் கடைசியில் உடையவும் செய்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், உபதேசம் காதில் விழாத ஆவேசத்தில், உண்மையாகவே குத்திவிட்டான். ‘டங்’ என்றது. விளக்கும் எரிந்தது, பிளேடும் உடைந்தது. நாங்கள் எல்லோரும் தரையில் விழுந்து தேடினோம். துண்டு யார் மேலாவது பட்டதா என்று பார்ப்பதற்கு அல்ல. உடைந்த துண்டின் முனையில் இருக்கிற டிப்பைக் கழற்றி வேறு பிளேடில் மாட்டலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டிப் கிடைத்தது. மாட்டுவதற்கு வேறு பிளேடு இல்லை. மிச்சமிருந்த அடிப்பாகத்தை வாட்ச்மேன் கேட்டு வாங்கி, கொக்கியாக வளைத்து, நீளக் கழியில் கட்டிப் பள்ளி மாமரத்துக்குத் தொரட்டி செய்துகொண்டார். அந்த வாள் அடித்த அதிகபட்சப் புள்ளிகள் மாங்காயில்தான்.

பிளேடு ஏன் உடைகிறது என்பதை இப்போது நாற்காலிப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரே அடியில் உடைவதில்லை. ஒவ்வொரு தடவை வளைந்து நிமிரும்போதும், மேற்பரப்பில் எங்கேயோ இருக்கிற ஒரு கீறலோ துருப்புள்ளியோ மயிரிழை விரிசலாகிறது. அது வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் மிச்சமிருக்கிற உலோகத்தால் தாங்க முடியாமல் போகிறது. சாதாரணக் கார்பன் எஃகில் அந்த விரிசல் வேகமாக ஓடும். மாரேஜிங் எஃகில் பல மடங்கு மெதுவாக ஊர்ந்து போகும். மாரேஜிங்கில் கார்பன் ஏறக்குறைய கிடையாது. சுமார் 18 சதவீதம் நிக்கல், கூடக் கோபால்ட், மாலிப்டினம், கொஞ்சம் டைட்டானியம். 480 டிகிரி சுற்றுவட்டாரத்தில் சில மணி நேரம் சூட்டில் வைத்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உருவாகி உலோகத்தை இறுக்கிவிடுகின்றன. உறுதியும் வருகிறது, உடையாத குணமும் நிற்கிறது. விலை மட்டும் கார்பனைவிட இரண்டு மூன்று மடங்கு.

இதே மாரேஜிங் எஃகில்தான் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டார் உறையையும் செய்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள மிதானி நிறுவனம் அந்த எஃகைத் தயாரிக்கிறது. சென்னைக்கு வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் வருகிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது விண்ணுக்குப் போகிறது. ஆனால் என் மகளுக்கு அரை கிலோவுக்கும் குறைவான ஒரு ஃபாயிலில் மாட்டுகிற பிளேடு ஐரோப்பாவிலிருந்து சுங்கவரி கட்டி வருகிறது. சந்திரனுக்குப் போகிற வழி நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, பிஸ்டுக்குப் போகிற வழிதான் சுற்று.

மாரேஜிங் கட்டாயமானதற்குப் பின்னால் வேடிக்கை இல்லாத கதை ஒன்று இருக்கிறது. 1982-ல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் சோவியத் ஒன்றியத்தின் விளாடிமிர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேரும் ஃபாயில் ஆடினார்கள். ஸ்மிர்னோவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக் சாம்பியன். பேரின் பிளேடு உடைந்து, உடைந்த முனை ஸ்மிர்னோவின் மாஸ்க் வலையைத் துளைத்துக் கண் வழியாக மூளைக்குள் போய்விட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். அதன் பிறகுதான் பிளேடு, மாஸ்க், ஜாக்கெட் மூன்றுக்கும் விதிகள் கடுமையாயின. சர்வதேசப் போட்டிகளில் ஃபாயிலுக்கும் எப்பே வாளுக்கும் மாரேஜிங் பிளேடு என்று ஆனது.

அதிலிருந்து ஒரு நம்பிக்கையும் முளைத்தது. மாரேஜிங் உடைந்தால் முனை மழுங்கலாக, ஆளைக் காயப்படுத்தாமல் உடையும் என்று. எங்கள் நாற்காலி வட்டாரத்தில் இதை ஜாதகப் பொருத்தம் பார்த்த நிச்சயத்தோடு சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. கார்பனும் கூராக உடையும், மாரேஜிங்கும் கூராகத்தான் உடையும். வித்தியாசம் எப்படி என்பதில் இல்லை, எத்தனை நாள் கழித்து என்பதில் இருக்கிறது. கூடுதல் பணம் கொடுத்து நாம் வாங்குவது தவணைதான்.

சாஃப்ட்டா மீடியமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு விதிப்புத்தகத்தில் அழகான ஒரு சோதனை உண்டு. பிளேடை நுனியிலிருந்து 70 செ.மீ. தள்ளிப் படுக்கை வாக்கில் இறுகப் பிடிக்க வேண்டும். நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளி 200 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். ஃபாயில் என்றால் நுனி 5.5 செ.மீ.க்குக் குறையாமலும் 9.5 செ.மீ.க்கு மிகாமலும் கீழே இறங்க வேண்டும். எப்பே கொஞ்சம் விறைப்பு, 4.5 முதல் 7 வரை.

சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் சி-கிளாம்ப் போட்டுப் பிளேடை இறுக்கினேன். 200 கிராமுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, சமையலறையில் காபித்தூள் பாக்கெட் அதே எடையில் அச்சிட்டுக் கிடந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டு, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்தேன். ஏழைத் தொட்டு நின்றது. நடுவாந்திரம். சர்வதேச நடுவர் பதவி ஏற்ற நிறைவோடு நிமிர்ந்தபோது வீட்டுக்காரி, “ஏங்க, டிகாக்‌ஷன் போடணும். அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் இறக்கறீங்களா?” என்றாள்.

இந்த எண் முழுக்கதையையும் சொல்லாது என்பது அப்புறம் தெரிந்தது. ஒரே ஏழு சென்டிமீட்டர் இறங்குகிற இரண்டு பிளேடுகளில் ஒன்று நுனிப்பக்கம் வளையும், இன்னொன்று நடுவில் வளையும். கைக்கு இரண்டும் வேறு வேறு வாள். வளைகிற பிளேடில் உலோகம் குறைவு என்பதால் பொதுவாக எடையும் குறைவு. சின்னக் கைகளுக்கு அது சுகம், குத்து வாங்குகிற எதிராளிக்கும் சுகம். ஆனால் வாளைத் தட்டிவிட்டு நேராகப் பாய்கிறபோது நுனி ஆடும், குறி தப்பும். விறைப்பான பிளேடு சொன்ன இடத்துக்குப் போகும். ஆனால் புதிதாகக் கற்கிற பிள்ளை கையில் கொடுத்தால், எதிரே நிற்கிற பிள்ளையின் தாயார் மறுநாள் மருந்துச் சீட்டோடு வருவார்.

சேபர்காரர்களின் வேதனை வேறு. அவர்கள் வெட்டுகிறவர்கள். வளைகிற பிளேடில் வெட்டினால், எதிராளி தடுத்த பிறகும் பிளேடு அவர் வாளைச் சுற்றிக்கொண்டு போய் உடம்பைத் தொட்டு விளக்கை எரிய வைத்துவிடும். தடுத்தவருக்குத் தடுத்த புண்ணியமே இல்லை. அதனால் 2000-ஐ ஒட்டி எஸ் 2000 என்ற விறைப்பான பிளேடு வந்தது. நியாயம் கிடைத்தது, கூடவே கையிலும் விலாவிலும் நீலக் கோடுகளும் கிடைத்தன. எம்.ஜி.ஆரும் நம்பியாரும் படத்தில் சுழற்றிய கத்திகள் வளைந்து நாங்கள் பார்த்ததில்லை. இந்த நியாயப் பிரச்சினை அங்கே எழாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பராமரிப்பில்தான் அன்றும் இன்றும் உண்மையாகவே இடம் மாறிக்கொண்டன. பீரோ ஃபாயிலுக்கு நாங்கள் செய்த சேவையைச் சொந்தத் தாத்தாவுக்குச் செய்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் துணியால் துடைப்போம். துருப்புள்ளி தெரிந்தால் நைசான உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்ப்போம். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலே விரிசலுக்கு விதை என்பார் சார். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிளேடு கோணிக்கொண்டால், கான்வாஸ் ஷூவின் அடியில் வைத்து, பிடியைத் தூக்கி, மெதுவாக இழுத்து நீவி விடுவோம். ஃபாயிலின் வளைவு 1 செ.மீ.க்கு மேல் போனால் போட்டியில் ஒதுக்கிவிடுவார்கள். எஸ் வடிவத்தில் நெளிந்தால் இரண்டு இடத்தில் உடையக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்று ராக்கெட் உலோகத்தில் செய்த பிளேடை, வியர்வையில் ஊறிய ஜாக்கெட்டோடும் ஈரச் சாக்ஸோடும் ஒரே பையில் திணித்து, ஜிப் போட்டு, ஐப்பசி மழையில் காரின் டிக்கியில் இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். மாரேஜிங் துருப்பிடிக்காது என்று ஒரு நினைப்பு. அதில் குரோமியம் இல்லை, அது ஸ்டெயின்லெஸ் எவர்சில்வர் அல்ல. சென்னைக் கடற்காற்றுக்குப் பிரான்ஸ் என்றும் தெரியாது, ஜெர்மனி என்றும் தெரியாது. “என் பையனுக்கு ஃபாரின்லேர்ந்து வரவழைச்சேன் சார்” என்றார் ஒருவர். “எத்தனை மாசம் வந்துச்சு?” என்றேன். “வந்துச்சு. அடுத்த மாசமே போச்சு.” பையைத் திறந்து காட்டினார். உடைந்த இடத்தில் பாதி பழுப்பாக இருந்தது, பாதி பளபளவென்று. பழுப்பு, எப்போதோ தொடங்கிய பழைய விரிசல். பளபளப்பு, அன்றைக்கு உடைந்தது. வாரத்துக்கு ஒருமுறை பிளேடில் விரலை ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த விரிசல் முன்கூட்டியே பேசியிருக்கும்.

உடையவே உடையாத வாள் ஒன்று இருக்கிறது. டோக்கியோவில் ஆடிவிட்டு வந்த பவானி தேவி, பிரதமருக்குத் தம் வாளைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதே ஆண்டு நினைவுப்பொருள் ஏலத்தில் அது 1.25 கோடி ரூபாய்க்குப் போனது. உடைந்தால் வாங்கக் காசில்லை என்று பொத்திப் பொத்தி வைத்த கையிலிருந்து வந்த வாள் அது. கோடிக்குப் போன பிறகு அதை எடுத்து யார் யாரை வெட்டப் போகிறார்கள்? நீடித்து உழைக்க வேண்டுமென்றால் வாளுக்கு அதுவே வழி, உழைக்காமல் இருப்பது.

போன மாதம் எங்கள் பழைய பி.டி. சார் பயிற்சிக்கூடத்துக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. நாற்காலிகளில் எங்களோடு உட்காராமல் நேரே உள்ளே போய் நின்றுகொண்டார். என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். பாய்ந்து குத்தினாள். ‘டங்’. அதே பழைய சத்தம். விளக்கு எரிந்தது. அவள் கீழே கிடந்த துண்டைப் பார்க்கக்கூட இல்லை. கையைப் பின்னால் நீட்டி, “அப்பா, அடுத்தது” என்றாள்.

அடுத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, துண்டைப் பொறுக்கிக்கொண்டு சாரிடம் வந்தேன். என் முகத்தில் சுங்கவரி தெரிந்திருக்க வேண்டும். “பாத்தீங்களா சார்? நம்ம காலத்துல ஒரே ஒரு ஃபாயிலை வெச்சுக்கிட்டு, மூங்கில்லயே கத்துக்கிட்டு…” என்று ஆரம்பித்தேன். பெற்றோர்கள் சிலரும் காது கொடுத்தார்கள். மூங்கில், கொட்டாங்கச்சி, பீரோ என்று வரிசையாக எடுத்துவிட்டால் நாற்காலி வட்டாரத்தில் எனக்கு ஒரு மதிப்பு வரும்.

சார் முடிக்க விடவில்லை.

“ஒரு ஃபாயிலை வெச்சுக்கிட்டு என்னடா கிழிச்சோம்? உடைஞ்சிடுமோ, உடைஞ்சிடுமோன்னு உங்கள ஒருத்தனையும் முழுசாக் குத்த விடலையே நான். மூங்கில்ல ஆடினது பெருமைடா? வேற வழியில்லாம ஆடினோம். வழி இருக்கிறவனுக்கு எதுக்குடா அந்தக் கதை? இந்தப் பொண்ணு பாரு, குத்தறா. கையை இழுக்கலை. உடைஞ்சா உடையட்டும்னு போறா. அதுக்குத்தான காசு?”

மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த துண்டைச் சார் வாங்கி, உடைந்த வாயில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். “பழுப்பே இல்லை. நல்லா துடைச்சுத்தான் வெச்சிருக்கா. இது வயசாகி உடைஞ்சது, நோய்ல இல்லை” என்று போஸ்ட்மார்ட்டம் அறிக்கை கொடுத்தார்.

ஆட்டம் முடிந்து மகள் வந்தாள். “தாத்தா, எந்தப் பிளேடு வாங்கினா நல்லது? அப்பா ஒரு மாசமா லிஸ்ட் போடறாரு” என்றாள்.

பையிலிருந்த பிளேடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார் சார். நுனியைச் சுவரில் ஊன்றி அழுத்தினார். சிலது சீராக வளைந்தது, சிலது நுனியில் மட்டும். காபித்தூள், கிளாம்ப், ஸ்கேல் எதுவும் கேட்கவில்லை. கடைசியில், “மீடியம் போதும். ஆனா ஒரே மாதிரி ரெண்டு வாங்கு. ஒண்ணு உடைஞ்சு இன்னொண்ணை எடுக்கிறப்போ உன் கைக்கு வித்தியாசமே தெரியக் கூடாது. ஒண்ணு சாஃப்ட், ஒண்ணு விறைப்புன்னா, ஆட்டத்துக்கு நடுவுல கை புதுசா படிக்கணும். மூணாவதுக்குன்னு உங்கப்பா வெச்சிருக்கிற காசை எடுத்து நல்ல மாஸ்க்கா வாங்கு” என்றார்.

“மாஸ்க்குக்கும் பிளேடுக்கும் என்ன தாத்தா?”

“பிளேடு உடையறதுக்குத்தாம்மா வாங்கறது. என்னிக்கு உடையும்னு எவனுக்கும் தெரியாது. உன்னுது மட்டுமா, எதிர்ல நிக்கிறவனோடதும் உடையும். அவன் பிளேடை நீ துடைச்சு எண்ணெய் போட முடியாது பாரு.”

லிஸ்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மீடியத்தில் ஒரே மாதிரி இரண்டு பிளேடுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. மாஸ்க்கின் கழுத்துத் துணியில் 350 நியூட்டன் தாங்குவது என்று ஒரு ரகம், 1600 நியூட்டன் தாங்குவது என்று ஒரு ரகம். நாற்காலி வட்டாரத்தில் இதற்கும் விவாதம் தொடங்கிவிட்டது: வளர்கிற பிள்ளைக்கு எதற்கு இப்போதே பெரியது, எடை கூடுமா, அடுத்த வருஷம் சைஸ் மாறாதா. நான் அதில் கலந்துகொள்ளவில்லை. சாஃப்ட், மீடியம் எல்லாம் பார்க்காமல் பெரிய நம்பரை வாங்கிவிட்டேன்.